காசு கொடுத்தால் வரிசை குறையுமா? தீம் பார்க் ‘ஃபாஸ்ட் டிராக்’ டிக்கெட்டின் கணக்கு

தீம் பார்க்குக்குள் நுழைய ஒரு டிக்கெட். உள்ளே போன பிறகு வரிசையில் நிற்காமல் இருக்க இன்னொரு டிக்கெட். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் இதற்கு ‘லைட்னிங் லேன்’ என்று பெயர். யுனிவர்சல் பூங்காக்களில் ‘எக்ஸ்பிரஸ் பாஸ்’, நமக்குப் பழக்கமான வொண்டர்லாவில் ‘ஃபாஸ்ட்ராக்’, மகாராஷ்டிரத்தின் இமேஜிகாவில் ‘எக்ஸ்பிரஸ்’. பெயர்கள்தான் வேறு வேறு. விற்கப்படும் பொருள் ஒன்றுதான். முன்னால் நிற்பவர்களைத் தாண்டிப் போகும் உரிமை.

“பணம் இருக்கிறவங்க கொடுக்கிறாங்க, சீக்கிரம் போறாங்க. இதுல அடுத்தவருக்கு என்ன நஷ்டம்?” என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நஷ்டம் உண்டு. அது ரூபாயில் தெரிவதில்லை, நிமிடங்களில் தெரிகிறது. யாருடைய நிமிடங்கள் எங்கே போகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த டிக்கெட் வெறும் ‘கூடுதல் வசதி’தானா என்பது விளங்கிவிடும்.

ஒரு ரோலர் கோஸ்டரின் கணக்கு

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு ரோலர் கோஸ்டரில் ஒரு தடவைக்கு 24 பேர் ஏறலாம். 72 விநாடிக்கு ஒரு வண்டி கிளம்புகிறது. அப்படியென்றால் மணிக்கு 50 வண்டிகள், 1,200 பேர். இதுதான் அந்த ரைடின் கொள்ளளவு. யார் எவ்வளவு காசு கொடுத்தாலும் இந்த 1,200 என்பது 1,201 ஆகப் போவதில்லை.

இப்போது வரிசையில் 1,200 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். வேக வரிசையே இல்லாவிட்டால், கடைசியில் நிற்பவருக்கு ஒரு மணி நேரத்தில் முறை வந்துவிடும். பூங்கா நிர்வாகம் பாதி இருக்கைகளைக் கட்டண வரிசைக்கு ஒதுக்குகிறது என்றால், சாதாரண வரிசைக்கு மணிக்கு 600 இருக்கைகள்தான் மிச்சம். அதே 1,200-ஆவது ஆள் இப்போது இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். முக்கால்வாசி இருக்கைகளை ஒதுக்கினால் நான்கு மணி நேரம். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, தாமதமாகவும் வரவில்லை. அவருக்கு முன்னால் நின்றவர்களின் எண்ணிக்கைகூட மாறவில்லை. பக்கத்து வழியில் டிக்கெட் விற்றுத் தீர்ந்தது, அவ்வளவுதான்.

வரிசைகளின் கணிதத்தில் இதற்கு ஒரு விதியே உண்டு. பிற்காலத்தில் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவராக அறியப்பட்ட அமெரிக்க விஞ்ஞானி லியோனார்ட் கிளைன்ராக் 1965-ல் அதை நிறுவினார். சேவையின் வேகம் மாறாதவரை, வரிசையில் யாருக்கு முன்னுரிமை கொடுத்தாலும் எல்லோருடைய காத்திருப்பையும் சேர்த்துப் பார்த்தால் வரும் மொத்தம் மாறாது என்பது அதன் சாரம். ஒருவரின் காத்திருப்பு குறைகிறது என்றால், அது இன்னொருவர் தலையில் ஏறியிருக்கிறது என்று பொருள்.

நடைமுறையில் நிலைமை இதைவிடச் சற்று மோசம். வேக டிக்கெட் வாங்கியவர் மிச்சமான நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அடுத்த ரைடுக்குப் போகிறார், பிடித்திருந்தால் அதே ரைடுக்குத் திரும்பவும் வருகிறார். அவர் ஒரு நாளில் பத்து ரைடு ஏறினால், அந்தக் கூடுதல் இருக்கைகள் வானத்திலிருந்து வந்தவை அல்ல. ஐந்து ரைடோடு வீடு திரும்பிய இன்னொரு குடும்பத்திடமிருந்து வந்தவை.

எப்படி ஆரம்பித்தது?

1955-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, உள்ளே நுழைய ஒரு கட்டணம், ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனிக் கட்டணம் என்றுதான் இருந்தது. நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினத்துக்கு ஒரு டிக்கெட், மரணக் கிணறுக்கு ஒரு டிக்கெட் வாங்குகிறோமே, அதே முறை. பிறகு A, B, C என்று தரம் பிரித்து டிக்கெட் புத்தகம் விற்றார்கள். 1959-ல் பெரிய ரைடுகளுக்காக ‘E டிக்கெட்’ வந்தது. காசுக்கேற்ற சவாரிதான். ஆனால் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். 1982-ல் இந்தப் புத்தகங்கள் கைவிடப்பட்டு, ஒரே நுழைவுக் கட்டணத்தில் எல்லா ரைடும் என்றானது.

ரைடுக்குக் காசு இல்லை என்றதும், அந்த இடத்தில் நேரமே விலையானது. எது நல்ல ரைடோ அதற்கு நீண்ட வரிசை. இதைச் சமாளிக்க 1999-ல் டிஸ்னி ‘ஃபாஸ்ட்பாஸ்’ கொண்டுவந்தது. நுழைவுச் சீட்டை ஓர் இயந்திரத்தில் செருகினால், “இத்தனை மணிக்குத் திரும்பி வாருங்கள்” என்று ஒரு துண்டுச்சீட்டு வரும். அந்த நேரத்தில் வந்தால் குறுகிய வரிசையில் போகலாம். இது இலவசம், உள்ளே வந்த எல்லோருக்கும் கிடைத்தது. விவரம் தெரிந்தவர்கள் கூடுதலாகப் பயன்பெற்றார்கள் என்றாலும், பணம் பார்த்து யாரையும் பிரிக்கவில்லை.

இதே காலத்தில் வேறோர் இடத்தில் இது வியாபாரமாகத் தொடங்கியது. சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2001-ல் தன் ஜார்ஜியா பூங்காவில் ‘கியூ-பாட்’ என்ற சிறு கருவியை வாடகைக்கு விட்டது. அது நமக்குப் பதிலாக வரிசையில் ‘நிற்கும்’. முறை வந்ததும் தகவல் சொல்லும். பின்னாளில் இதற்கும் படிநிலைகள் வந்தன. அடிப்படைச் சீட்டு, இடம் பிடித்து மட்டும் வைக்கும். தங்கச் சீட்டு, காத்திருப்பைப் பாதியாகக் குறைக்கும். பிளாட்டினம் சீட்டு, 90 சதவீதம் வரை குறைக்கும்.

இந்த மூன்றுக்கும் இடையே நியாயத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதல் சீட்டு வாங்கியவர், நின்றிருந்தால் எப்போது ஏறுவாரோ அப்போதுதான் ஏறுகிறார். கால் வலி மட்டும் மிச்சம். அவரால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. மற்ற இரண்டு சீட்டுகள் அப்படியல்ல. அவை அடுத்தவரின் முறையை எடுத்துக் கொடுக்கின்றன.

டிஸ்னியும் படிப்படியாக அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. 2014-க்குள் ஃபுளோரிடாவில் ஃபாஸ்ட்பாஸ் முன்பதிவு முறையானது. டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் பின்னர் 60 நாள் முன்பே பதிவு செய்ய முடிந்தது. மற்றவர்களுக்கு 30 நாள். கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட அந்த இலவச முறை பிறகு திரும்பவே இல்லை. 2021 அக்டோபரில் அதன் இடத்தில் ‘ஜீனி பிளஸ்’ வந்தது, தலைக்கு நாளொன்றுக்கு 15 டாலர். ஒரு வருடத்தில் நாளுக்கு நாள் மாறும் விலையானது. 2023 இறுதியில் கூட்டம் மிகுந்த நாள்களில் 39 டாலரைத் தொட்டது. 2024-ல் பெயர் மாறி ‘லைட்னிங் லேன் மல்டி பாஸ்’, ‘சிங்கிள் பாஸ்’ ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் ‘பிரீமியர் பாஸ்’ அறிவிக்கப்பட்டது. நேரம் குறிக்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் வேக வரிசையில் போகலாம். ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில் அதன் உச்ச விலை 449 டாலர். அப்போதைய மதிப்பில் 37,000 ரூபாய்க்கும் மேல். இது ஒருவருக்கு, ஒரு நாளைக்கு, நுழைவுச் சீட்டு நீங்கலாக.

ஏன் இத்தனை படிகள்? இந்தப் பொருளின் இயல்பே அப்படி. எல்லோரும் வாங்கிவிட்டால் வேக வரிசைதான் வரிசை. யாருக்கும் லாபமில்லை. நிறையப் பேர் வாங்கியதும் அதன் மதிப்பு குறைகிறது. உடனே அதற்கும் மேலே ஒரு டிக்கெட் தேவைப்படுகிறது. நேற்று முன்னால் போகக் காசு கொடுத்தவர், இன்று இன்னொருவர் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்து நிற்கிறார்.

தட்கல், விமானம், டோல்கேட்: எல்லாம் ஒன்றா?

“ரயில்ல தட்கல் இல்லையா? விமானத்துல பிசினஸ் கிளாஸ் இல்லையா? அதையெல்லாம் ஏத்துக்கிறோமே” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிசினஸ் கிளாஸ் பயணி அகலமான இருக்கைக்குக் காசு கொடுக்கிறார். அவர் முன்னால் உட்கார்ந்ததால் பின்னால் இருப்பவர் சென்னைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேருவதில்லை. விமானம் ஒன்றுதான், இறங்கும் நேரமும் ஒன்றுதான். தட்கல் கொஞ்சம் நெருங்கி வருகிறது. அங்கே பொது ஒதுக்கீட்டிலிருந்து இடங்கள் எடுத்துத் தனியே வைக்கப்படுகின்றன. ஆனால் எந்த வகுப்பில் எத்தனை இடம் தட்கலுக்கு என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த இடங்கள் பயணத்துக்கு முந்தைய நாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறக்கப்படுகின்றன. பொது டிக்கெட் வாங்கி உறுதியான பிறகு, தட்கல்காரர் வந்து யாரையும் எழுப்பிவிட முடியாது.

கலிஃபோர்னியாவில் 1995-ல் திறக்கப்பட்ட ‘91 எக்ஸ்பிரஸ் லேன்’ இன்னொரு நல்ல உதாரணம். நெரிசலான நெடுஞ்சாலையின் நடுவே புதிதாகத் தடங்கள் போட்டு, அதில் போகக் கட்டணம் வைத்தார்கள். நேரத்துக்குத் தக்கபடி விலை மாறும். காசு கொடுத்தவர் புதுத் தடத்துக்குப் போய்விட்டதால் பழைய தடத்தில் நெரிசல் கொஞ்சமாவது குறையும். அங்கே பணம் சாலையைப் பெரிதாக்கியது.

ஆக, எந்தக் கட்டண வரிசையையும் எடைபோட ஒரே கேள்வி போதும்: கொடுக்கும் காசு புதிதாக ஒரு தடம் போடுகிறதா, அடுத்தவரின் தடத்தில் பாதியை எடுக்கிறதா? தீம் பார்க்கின் வேக டிக்கெட் இரண்டாவது வகை. வாங்கும் அன்று ரைடில் ஓர் இருக்கைகூடக் கூடுவதில்லை.

நிர்வாகங்கள் சொல்லும் நியாயம்

பூங்காக்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ரைடுகளின் விலையும் பராமரிப்புச் செலவும் அதிகம். வசதியுள்ளவர்களிடம் கூடுதலாக வாங்கினால், சாதாரண நுழைவுக் கட்டணத்தை ஏற்றாமல் இருக்கலாம். வெளியூரிலிருந்து ஒரே ஒரு நாள் வருபவர்களுக்கு, கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு, இப்படி ஒரு வழி இருப்பது உதவிதான். யாரையும் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

முதல் வாதம் காகிதத்தில் சரி. ஆனால் டிஸ்னியின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. வேக டிக்கெட்டின் விலையும் ஏறியது, நுழைவுச் சீட்டின் விலையும் ஏறியது. ‘கட்டாயம் இல்லை’ என்பது பாதி உண்மை. சாதாரண வரிசை நீள நீள, வாங்காமல் இருப்பது கஷ்டமாகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம், போக்குவரத்து, சாப்பாடு, டிக்கெட் என்று மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து ஒரு நாளுக்கு வந்திருக்கிறது. மதியம் வரை இரண்டு ரைடு மட்டுமே கிடைத்தால், “இவ்வளவு செலவழிச்சாச்சு, இன்னும் கொஞ்சம் போட்டுடலாம்” என்று கை தானாகவே பர்ஸுக்குப் போகும்.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. வரிசை குறைய வேண்டுமானால் பூங்கா என்ன செய்ய வேண்டும்? கூடுதல் வண்டிகளை ஓட்டலாம், ஏற்றி இறக்கும் பணியாளர்களைக் கூட்டலாம், ஒரு நாளைக்கு விற்கும் நுழைவுச் சீட்டுகளைக் குறைக்கலாம். எல்லாம் செலவு அல்லது வருமான இழப்பு. அதே நேரம், வரிசை நீளமாக இருந்தால்தான் வேக டிக்கெட் விற்கும். காலியான செவ்வாய்க்கிழமையில் அதை யார் வாங்குவார்கள்? வேண்டுமென்றே யாரும் வரிசையை நீட்டுகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வரிசையைக் குறைக்க வேண்டும் என்ற அவசரம் நிர்வாகத்துக்கு இல்லாமல் போகிறது என்பதே போதுமான கவலை. தண்ணீர் லாரிக்காரரிடம் குழாயைச் சரிசெய்யச் சொன்ன கதைதான்.

நிற்பது வலிக்காது, தாண்டிப் போவது வலிக்கும்

காத்திருப்பின் மனவியலைப் பற்றி மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985-ல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அதில் அவர் சொன்ன முக்கியமான ஒன்று: நியாயமான காத்திருப்பைவிட நியாயமற்ற காத்திருப்பு நீளமாகத் தோன்றும். கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காக நாற்காலிக்குப் பின்னால் நிற்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. யாரோ ஒருவரை மட்டும் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தால்தான் கோபம் வரும்.

தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 2012-ல் வெளியிட்ட, பணத்தால் வாங்கக் கூடாதவை பற்றிய நூலில் முதல் அத்தியாயமே வரிசை தாண்டுவதைப் பற்றியதுதான். தீம் பார்க்கும் அதில் வருகிறது. வரிசை என்பது ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ என்ற ஒரு நெறியையும் சுமக்கிறது, அந்த இடத்தில் சந்தையைக் கொண்டுவந்தால் நெறியும் சேர்ந்து மாறுகிறது என்பது அவருடைய வாதம். சில பூங்காக்கள் கட்டண வழியைப் பின்பக்கமாக வைப்பதும் இதனால்தான் என்கிறார். நிற்பவர்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமாம்.

குழந்தைகளுக்கு இந்தப் பாடம் சீக்கிரம் புரிந்துவிடும். பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒரே பேருந்தில் வந்த பிள்ளைகளில் நான்கு பேர் கையில் மட்டும் வேறு நிறப் பட்டை இருந்தால், “அவங்க மட்டும் ஏன் சார் முன்னாடி போறாங்க?” என்ற கேள்விக்கு ஆசிரியர் என்ன பதில் சொல்வார்?

நெருக்கடி கடைசியில் எங்கே போய் முடிகிறது என்பதற்கும் டிஸ்னியே சாட்சி. நீண்ட நேரம் நிற்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே தனி ஏற்பாடு உண்டு. வசதி படைத்த சிலர் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி வரிசையைத் தாண்டுவதாக 2013-ல் செய்திகள் வெளியாயின. அந்த ஆண்டே டிஸ்னி விதிகளை மாற்றியது. 2024-ல் அந்தச் சலுகையை இன்னும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை முதன்மையாகக் கருதும்படி சுருக்கியது. வேறு காரணங்களால் நிற்க முடியாத பலர் வெளியே தள்ளப்பட்டதாக எதிர்ப்பு எழுந்தது. தேவைக்காகத் திறந்த வழி சுருங்கிய அதே ஆண்டில்தான் 449 டாலர் வழி திறந்தது.

கோயில் வாசலிலும் இதே கணக்கு

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தர்ம தரிசனம், சிறப்புக் கட்டண தரிசனம் என்று இரண்டு வழிகள் இருக்கும் கோயில்களில் எல்லோரும் பார்த்ததுதான். திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கும் இலவச தரிசனத்துக்கும் உள்ள வித்தியாசம், போய் நின்றவர்களுக்குத் தெரியும். சந்நிதி ஒன்று, ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய பக்தர்களின் எண்ணிக்கையும் ஒன்று. ரோலர் கோஸ்டருக்குப் போட்ட அதே கணக்கு இங்கேயும் பொருந்தும்.

கோயில்களின் விஐபி தரிசனக் கட்டணத்தை எதிர்த்துத் தாக்கலான ஒரு மனுவை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஏற்க மறுத்தது. சிறப்புச் சலுகை இருக்கக் கூடாது என்பது தங்கள் கருத்தாக இருந்தாலும், இது சமூகமும் கோயில் நிர்வாகங்களும் முடிவு செய்ய வேண்டிய விஷயம், நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்றது. தெய்வ சந்நிதிக்கே இதுதான் நிலை என்றால், தனியார் பூங்காவைச் சட்டம் வந்து திருத்தும் என்று காத்திருப்பதில் பயனில்லை. கேள்வி கேட்க வேண்டியது டிக்கெட் வாங்குபவர்கள்தான்.

என்ன செய்யலாம்?

வேக டிக்கெட்டை ஒரேயடியாக ஒழிக்க வேண்டும் என்பதில்லை. மூன்று விஷயங்களை நிர்வாகங்கள் செய்தால் பெரும்பாலான அநியாயம் குறையும். ஒன்று, ஒவ்வொரு ரைடிலும் எத்தனை சதவீத இருக்கைகள் கட்டண வரிசைக்கு என்று வரம்பு வைத்து, அதை வாசலிலேயே எழுதி வைப்பது. கால்வாசிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தால், மேலே சொன்ன உதாரணத்தில் ஒரு மணி நேரக் காத்திருப்பு 80 நிமிடத்தோடு நிற்கும். இரண்டு, நுழைவுச் சீட்டு விற்கும் முன்பே அன்றைய கூட்டத்தையும் சாதாரண வரிசையின் காத்திருப்பையும் ஒளிக்காமல் காட்டுவது. மூன்று, முதியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகளுக்கான முன்னுரிமையை இந்த வியாபாரத்தோடு கலக்காமல் இலவசமாகத் தனியே வைத்திருப்பது. எல்லோருக்கும் செல்போனில் இலவச டோக்கன் கொடுத்து, முறை வரும்போது கூப்பிடுவதும் இன்று முடியாத காரியமல்ல.

சென்னைக்கு இது நல்ல நேரம். திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்ட பிறகு, தமிழகக் குடும்பங்களின் விடுமுறைத் திட்டத்தில் பெரிய தீம் பார்க் பக்கத்திலேயே வந்துவிட்டது. பழக்கம் இறுகிப்போகும் முன் கேட்கத் தொடங்கினால்தான் பதில் கிடைக்கும்.

அதுவரை, போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. வார நாளில், பள்ளி விடுமுறை இல்லாத காலத்தில் போனால் பெரும்பாலும் வேக டிக்கெட் தேவைப்படாது. கேட் திறக்கும்போதே உள்ளே போய், பெரிய ரைடுகளை முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவது நல்லது. குழந்தைகளின் உயரத்துக்கு எந்தெந்த ரைடு அனுமதி என்று பார்க்காமல் அவர்களுக்கு வேக டிக்கெட் வாங்க வேண்டாம். ஏற முடியாத ரைடுக்கும் சேர்த்துக் காசு போகும். எந்த ரைடுகளுக்கு அது செல்லும், ஒரு தடவையா பல தடவையா என்பதைக் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: “இன்னைக்கு இந்த டிக்கெட் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கீங்க?” பதில் தெரிந்தால்தான் வாங்குபவருக்கும் தன் காசுக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும்; வாங்காதவருக்கும் தான் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று தெரியும். அந்த எண்ணைச் சொல்லத் தயங்கும் பூங்கா, யாருடைய நேரத்தை யாருக்கு விற்கிறது என்பதைச் சொல்லத் தயங்குகிறது.